விரும்பிய கல்லூரி கிட்டாதபோது

இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

ஆண்டுதோறும் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும்போது நம் கல்லூரிக்கு இரு வகை மாணவர்கள் வந்து சேர்கின்றனர். இக்கல்லூரியில் இப்பாடத்தைப் படிக்க வேண்டும் என்று விரும்பி வந்தவர்கள் ஒரு வகையினர். வேறொரு கல்லூரியின் வாயிலை நோக்கி நடந்து, அது திறக்காமையால் இங்கு வந்தவர்கள் மற்றொரு வகையினர். மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, வேளாண்மைக் கல்லூரி, சென்னையிலோ கோவையிலோ உள்ள பெயர் பெற்ற ஒரு கல்லூரி என வாயில்கள் பலவாயினும் ஏமாற்றம் ஒன்றே. அறிவியல் பிரிவுகளில் இந்த இரண்டாம் வகையினர் குறைவல்லர் என்பது நாம் யாவரும் அறிந்ததே. நானும் அவர்களுள் ஒருத்தி.

இத்தகைய மாணவர்களிடம் பேசுவோர் பொதுவாக இரண்டில் ஒன்றைச் சொல்வர். "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படித்திருக்கலாம்" என்பது ஒன்று. "எல்லாம் நன்மைக்கே" என்பது மற்றொன்று. முன்னது புண்ணைக் கிளறுகிறது. பின்னது புண்ணே இல்லை என்கிறது. இரண்டாலும் பயனில்லை. இடம் கிடைக்காமை என்பது உண்மையில் என்ன, அது ஒரு மாணவரின் முதலாண்டை என்ன செய்கிறது, அதிலிருந்து கால் ஊன்றி எழுவது எவ்வாறு என்பவற்றை ஒரு பாடத்தைப் போல அமைதியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிடைக்காமையின் கணக்கு

முதலில் எண்களைப் பார்ப்போம். 2024 ஆம் ஆண்டில் நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவ்வாண்டில் நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்தைச் சற்றே தாண்டியவை. ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் வீதமே இடம். அவற்றுள்ளும் ஏழைக் குடும்பத்தினர் கட்டணம் செலுத்திப் படிக்கக்கூடிய அரசுக் கல்லூரி இடங்கள் ஏறத்தாழப் பாதிதான். தேர்வு எழுதிய அனைவரும் இரவு பகலாகப் படித்து, அனைவரும் சிறப்பாக எழுதியிருந்தாலும் இருபதில் பத்தொன்பது பேர் வெளியில்தான் நின்றிருப்பர். வெளியில் நிற்போரின் எண்ணிக்கையை முடிவு செய்வது இடங்களின் எண்ணிக்கையே.

அடுத்து, அளவுகோலைப் பார்ப்போம். தமிழகத்தில் 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவச் சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்தது. 2017 முதல் நீட் வந்தது. 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. ஒரே மாணவி இந்த நான்கு காலங்களிலும் விண்ணப்பித்தால் நான்கு வேறு இடங்களில் வைக்கப்பட்டிருப்பாள். அவள் அறிவு மாறவில்லை, அளவுகோல் மாறியது. இவற்றுள் எது நல்ல அளவுகோல் என்ற விவாதம் நாட்டில் நடந்துவருகிறது, நடக்கவும் வேண்டும். ஈண்டு நாம் கருத வேண்டியது, கோடு என்பது மனிதர் வரைந்தது, நகரக்கூடியது என்பதை மட்டுமே.

மூன்றாவது, கருவியின் நுட்பம். முதற் பருவ ஆய்வகத்தில் நாம் முதலில் கையில் எடுப்பது வெர்னியர் அளவி. அதன் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. அதனினும் சிறிய வேறுபாட்டை அக்கருவியைக் கொண்டு கூற முடியாது; கூறினால் ஆய்வக ஏட்டில் சிவப்பு மை விழும். நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். ஆகவே ஒரே ஒரு வினா சரியாவதற்கும் தவறாவதற்கும் இடையே 5 மதிப்பெண் வேறுபாடு. மாணவர்கள் நெருக்கமாக நிற்கும் பகுதியில் அந்த 5 மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடங்குவர். அவ்வளவு சிறிய இடைவெளியைக் கொண்டு ஒருவர் அறிவாளி, மற்றவர் அறிவிலி என்று சொல்வது, மீட்டர் கோலைக் கொண்டு தலைமுடியின் தடிமனை அளப்பதற்கு ஒப்பாகும்.

இதனால் உழைப்புக்குப் பங்கில்லை என்று யாரும் கொள்ள வேண்டா. 300 பெற்றவருக்கும் 650 பெற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அக்கருவி காட்டத்தான் செய்யும். ஆனால் "நான் எதற்கும் தகுதியற்றவள்" என்ற முடிவு மேற்கண்ட கணக்கிலிருந்து வராது. "அந்த ஆண்டில், அந்த அளவுகோலில், அத்தனை இடங்களுக்குள் நான் வரவில்லை" என்பதே வரும். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முதலாண்டு மாணவர் பலர் அத்தூரத்தை அறியாமலே துன்புறுகின்றனர்.

முதற் பருவத்தில் நிகழ்வன

இவ்வாறு வந்த மாணவரின் உடல் வகுப்பில் இருக்கும். உள்ளம் கலந்தாய்வுப் பட்டியலில் இருக்கும். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று கைப்பேசியைப் பார்த்தபடியே இரண்டு மாதங்கள் கழியும். அதற்குள் வெக்டர் பகுப்பாய்வு முடிந்துவிடும். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வும் வந்துவிடும். அதில் மதிப்பெண் குறையும்போது, "பார்த்தாயா, இதற்கும் நீ தகுதியில்லை" என்று மனம் சொல்லும். கவனம் இன்மையால் வந்த விளைவைத் தகுதி இன்மையின் சான்றாகக் கொள்ளும் இம்மயக்கமே முதலாண்டின் பெரும் பகை.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோர்க்கு வேறொரு சுமையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை உந்தம் என்றும் நிலைமம் என்றும் படித்தவர்கள் இங்கு மொமென்டம் என்றும் இனர்ஷியா என்றும் கேட்கிறார்கள். தெரிந்த பொருளே தெரியாததாகத் தோன்றுகிறது. பாடம் புரியவில்லை என்று அவர்கள் நினைப்பதில் பெரும்பகுதி, சொல் புரியாமையே அன்றி வேறன்று.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகப் போகும் நம்மைப் போன்றோர் நிலை இன்னும் கடினமானது. என் தந்தை கொத்தனார். எங்கள் தெருவில் கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் நான். நான் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்பதைத் தேர்வு முடிவுக்கு முன்பே அவர் வேலை செய்யும் இடங்களிலெல்லாம் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார். அதன் பின்னர் அவரிடம் கேட்டவர்களுக்கு அவர்தாம் விடை கூற வேண்டியிருந்தது, நான் அன்று. படித்த குடும்பத்தில் ஒரு வாயில் அடைபட்டால் மற்ற வாயில்களைக் காட்ட மாமாவோ அத்தையோ இருப்பர். எங்கள் வீட்டில் அறிந்த படிப்புகள் மூன்றே: டாக்டர், இன்ஜினீயர், டீச்சர். "பி.எஸ்ஸி. முடித்தால் என்னவாக ஆகலாம் அம்மா?" என்று தந்தை என்னைக் கேட்டபோது அவர் குறை கூறவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். அக்கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரைக்கு வித்து.

மீண்டும் எழுதுவதா?

முதலாண்டு மாணவர் உள்ளத்தைப் பெரிதும் வாட்டும் வினா இதுதான். இதற்கு அனைவர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால் மூன்று துணை வினாக்களைக் கேட்டுக்கொண்டால் விடை தெளிவாகும்.

ஒன்று: கோட்டுக்கும் எனக்கும் இடைவெளி எவ்வளவு? பத்துப் பதினைந்து மதிப்பெண்ணா, இருநூறு மதிப்பெண்ணா? இரண்டு: அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? தந்தையின் கூலியிலிருந்தா, தாயின் காதணியிலிருந்தா, வட்டிக் கடனிலிருந்தா? தம்பி தங்கையரின் படிப்புச் செலவைக் கழித்துப் பார்த்தோமா? மூன்று: அடுத்த முறையும் கிடைக்காவிடில் என்ன செய்வேன்? இந்த மூன்றாவது வினாவுக்கு விடை வைத்திருப்பவர் துணிந்து மீண்டும் எழுதலாம். அது இழுக்கன்று.

எதுவாயினும் முடிவுக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். முதற் பருவத்தின் முதல் மாத இறுதிக்குள் முடிவெடுப்பது நன்று. பயிற்சி நிலையத்திலும் பாதி, கல்லூரியிலும் பாதி என்றிருப்பவர்க்கு இங்கு வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகும். அங்குப் பாடமும் முடியாது. தவிரவும், பாதியில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்பவரின் இருக்கை பெரும்பாலும் அந்த மூன்றாண்டுக்கும் வெற்றிடமாகவே நிற்கும். அந்த இடத்துக்காகக் காத்திருந்து கிடைக்காமல் சென்ற இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் அன்றோ?

அறிவியல் வரலாறு தரும் சான்றுகள்

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1895 இல், தமது பதினாறாம் வயதில், சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதித் தேறவில்லை. கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார். பிற பாடங்களில் குறைந்தார். அவர் ஆராவ் என்னும் ஊரில் இருந்த பள்ளியில் ஓராண்டு பயின்று, 1896 இல் அதே கல்லூரியில் சேர்ந்தார். ஒளிக்கதிரைத் துரத்திக்கொண்டு அதே வேகத்தில் ஓடினால் என்ன தெரியும் என்ற அவரது புகழ் பெற்ற சிந்தனை அந்தப் பதினாறாம் வயதில் எழுந்ததே.

சர் சி.வி. இராமன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லக் கருதியபோது, அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று சென்னை மருத்துவர் தடுத்துவிட்டார். 1907 இல் அவர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். பகலில் அலுவலகம்; காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்த பின்னரே 1917 இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்ட இராமன் விளைவுக்கு 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்னா மணி 1939 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தார். 1945 இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் வழங்கப்படவில்லை. அவர் இங்கிலாந்து சென்று, கிடைத்த வாய்ப்பான வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948 இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் நிலையை உருவாக்கினார்.

சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், ஐ.ஐ.டி. நுழைவிலும் வேலூர் மருத்துவக் கல்லூரி நுழைவிலும் தேறாதவர். பரோடாவில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து 1971 இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இயற்பியலில் முனைவரான பின்னர், மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் கற்றார். ரிபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009 இல் வேதியியல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார். அவர் படித்ததும் நாம் படிக்கும் அதே பட்டப்படிப்பே.

இச்சான்றுகளைக் கூறி, "நீங்களும் நோபல் பரிசு பெறுவீர்கள்" என்று முடிப்பது எளிது, ஆனால் நேர்மையாகாது. வாயில் அடைபட்ட அனைவரும் புகழ் பெறவில்லை. கணித மேதை இராமானுஜன் 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலத்தில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1913 இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதும் வரை வறுமையிலும் வழிகாட்டியின்றியும் கழிந்த ஆண்டுகள் உலகுக்கே இழப்பு. 32 ஆம் வயதில் மறைந்தவரின் வாழ்வில் அவை எத்தனை பெரிய பகுதி! ஆகவே கிடைக்காமை ஒரு வரம் அன்று. அது இழப்பே. ஆனால் மேற்கூறிய நால்வரிடமும் பொதுவாகக் காணப்படுவது ஒன்றுண்டு. அடைந்த இடத்தில் இருந்த ஆசிரியரையும் கருவியையும் நேரத்தையும் அவர்கள் முழுமையாகப் பயன்படுத்தினர். நம்மால் பின்பற்றக்கூடியது அவர்களது புகழன்று, இந்த முறையே.

நாம் செய்யத்தக்கன

1. சொல்லேடு. ஒரு குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லையும் மறுபுறம் வகுப்பில் கேட்கும் சொல்லையும் நாள்தோறும் எழுத வேண்டும். முடுக்கம், ஆக்ஸலரேஷன், திருப்புவிசை, டார்க், விளிம்பு விளைவு, டிஃப்ராக்ஷன் என்று ஒரு பருவம் எழுதினால் போதும். பாடநூல் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

2. ஆய்வகம். பயிற்சி நிலையங்களில் படித்தோர் பலர் கருவியைத் தொடாமலே அதைப் பற்றிய கணக்கைப் போட்டவர்கள். நம் கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியை நாமே சமன்செய்து, முப்பட்டகத்தின் சிறும விலகு கோணத்தை நாமே காண்கிறோம். கருவி பழையதாக இருக்கலாம். ஒளியின் விதி பழையதாவதில்லை. மூன்று மணி நேர ஆய்வக வகுப்பில் ஒருவர் அளக்க மற்றவர் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவரும் அளத்தல் வேண்டும்.

3. ஆசிரியர். பள்ளியில் ஆசிரியரை நாடிக் கேட்கும் பழக்கம் நமக்கு இருந்தது. கல்லூரியில் துறை அறைக்குள் நுழையவே தயங்குகிறோம். ஆனால் கேட்கும் மாணவரைக் கண்டால் மகிழும் பேராசிரியர்கள் இங்கு உள்ளனர். வாரம் ஒரு வினாவேனும் எடுத்துக்கொண்டு செல்வது என்று உறுதி கொள்ளலாம்.

4. அடுத்த வாயில்கள். துறைப் பேராசிரியர்களைக் கேட்டு ஒரே தாளில் நான் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியவற்றை ஈண்டுத் தருகிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கு ஜாம் என்னும் தேர்வு உண்டு. மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அத்தேர்வு வழியாகும். ஆசிரியராக விரும்புவோர்க்கு பி.எட்., அதன்பின் தகுதித் தேர்வு. கல்லூரி ஆசிரியராக எம்.எஸ்ஸி.யுடன் நெட் அல்லது செட். அரசுப் பணிக்குத் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வு. கணிதம் பயின்ற பி.எஸ்ஸி. பட்டதாரிகள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. ஒரு வாயிலை மட்டுமே அறிந்திருந்த வீட்டில் இத்தனை வாயில்கள் உள்ளன என்று எழுத்தில் கண்டபோது என் தந்தை அத்தாளை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுதிக் காட்டுவதும் ஒரு ஆறுதல்.

5. துயரை மறைக்காமை. தூக்கமின்மை, உணவு வெறுப்பு, வாழ்வில் சலிப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது சோம்பலன்று; உதவி தேவைப்படும் நிலை. நண்பரிடமோ ஆசிரியரிடமோ பேச வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 இல் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம். ஒரு தேர்வு முடிவுக்காக உயிரையே விட்ட பிள்ளைகளின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எந்தக் கல்லூரி இடமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

ஆசிரியர்க்கும் மூத்த மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்

முதல் நாளில், "எங்கும் கிடைக்கவில்லையா, அதனால்தான் இங்கு வந்தாயா?" என்ற கேள்வியை நாம் கேட்காதிருப்போம். அக்கேள்வி புதியவரை மட்டுமன்றி நம் கல்லூரியையும் தாழ்த்துகிறது. சென்னை மாநிலக் கல்லூரி 1840 இலும் கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854 இலும் தோன்றின. அவற்றின் வழிவந்த அரசு கலைக் கல்லூரிகள் இன்று மாவட்டந்தோறும் பரவியுள்ளன. குறைந்த கட்டணத்தில், பேருந்தில் வந்து திரும்பும் தொலைவில், கூலித் தொழிலாளியின் மகளுக்கும் பட்டப்படிப்பை எட்டச் செய்தவை இவையே. இவை இல்லையேல் என்னைப் போன்றோர்க்கு இரண்டாவது வாயில் என்று ஒன்று இருந்திருக்காது.

அக்கேள்விக்கு மாறாக, "பன்னிரண்டாம் வகுப்பில் உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று கேட்போம். முதல் மாதத்தில் துறைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இப்பட்டம் திறக்கும் வாயில்களை மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு விளக்கலாம். பெற்றோர் கூட்டத்திலும் அதையே கூறலாம். செலவில்லாத இச்சிறு பணியால் பல முதற் பருவங்கள் வீணாகாமல் காக்கப்படும்.

முடிவுரை

இடம் கிடைக்காமை என்பது இடங்களின் எண்ணிக்கையும், ஆண்டுக்கு ஆண்டு மாறும் அளவுகோலும், ஒரு நாள் தேர்வும் சேர்ந்து தரும் விளைவு. அது வருத்தத்துக்குரியது, ஆனால் ஒருவரைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அன்று. முதலாண்டில் வரும் இடர்ப்பாடுகளில் பெரும்பகுதி கவனச் சிதறலாலும் மொழி மாற்றத்தாலும் வழியறியாமையாலும் வருவன. மூன்றும் நீக்கத்தக்கவை. முடிவெடுக்க ஒரு நாளைக் குறித்து, அதன்பின் அடைந்த இடத்தில் முழு மனத்தோடு உழைப்பதே நாம் கைக்கொள்ளத்தக்க வழி.

என் தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறான். அவனும் மருத்துவம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அவ்விடம் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கிடைக்காவிடில், சுவரில் ஒட்டிய அந்தத் தாள் அவனுக்காக வீட்டில் காத்திருக்கிறது. நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் அத்தகைய தாள் ஒன்று இருக்குமாறு செய்வது, முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம் கடமை.